அபூர்வ மரத்தில் பேஸ் கிட்டார்: எந்த மரத்துக்குப் பணம் கொடுப்பது?

தனக்கென்று ஒரு பேஸ் கிட்டாரைச் செய்துகொள்ள முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ், சுருதி சேர்க்கும் டியூனர் ஆகியவற்றை ஒரு மாலை நேரத்தில் தேர்ந்தெடுத்துவிடுபவர்கள்கூட, மரம் என்று வந்ததும் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். உடன் வாசிப்பவர் ஆப்பிரிக்க வெங்கேதான் வேண்டும் என்கிறார். மரவாடிக்காரர் ஒரு மெர்பாவ் பலகையைத் தட்டிக் காட்டி, இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார். பினாங்கில் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த செங்கால் உத்தரம் ஒன்று உறவினர் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. இவற்றில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த மரத்தை மெல்லிய இடங்களுக்கும் இலேசான மரத்தைத் தடித்த இடத்துக்கும் வைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தைக் கழுத்துக்குச் செலவிடுவதே மலேசியாவின் ஈரக் காற்றுக்கும் நம் தோளுக்கும் ஏற்றது. ஆனால் எல்லாருக்கும் அதுவே சரி என்று சொல்ல முடியாது. வேறு வழி சிறந்ததாகும் சூழல்களும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

ஈரம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சன்னல் திறந்திருக்கும் அறையின் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியிருப்பது சாதாரணம். அத்தகைய காற்றில் வைக்கப்பட்ட மரம், தன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு நிலைகொள்கிறது. அதே மரம் பகல் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் ஒலிப்பதிவுக் கூடத்தில், 50 அல்லது 55 விழுக்காட்டுக் காற்றில் இருந்தால், அந்த நீர் 10 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இந்த 5 விழுக்காட்டு வேறுபாடு என்ன செய்யும் என்பதை, கழுத்தின் மேல் விரல்கள் அழுத்தும் விரற்பலகையில் பார்க்கலாம். உடலை ஒட்டிய முனையில் விரற்பலகையின் அகலம் சுமார் 62 மில்லிமீட்டர். ஈரம் 1 விழுக்காடு குறையும்போது அகலம் 0.2 விழுக்காடு சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் சுருக்கம் 0.6 மில்லிமீட்டர் ஆகிறது. மரம் சுருங்குகிறது, சுர இடங்களைக் குறிக்க அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பி சுருங்குவதில்லை; எனவே ஒவ்வொரு பக்கத்திலும் கம்பியின் முனை 0.3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. கையைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே இழுத்தால், அரத்தின் பல்லைப் போல உறுத்தும்.

எல்லா மரமும் ஒரே அளவில் அசைவதில்லை. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது, கடின மேப்பிள் அதன் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 9.9 விழுக்காடு சுருங்குகிறது. நம் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் அதே திசையில் 3.4 விழுக்காடுதான் சுருங்குகிறது. விலைக்கும் நிலைத்தன்மைக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எடை. ஜாஸ் பேஸ் என்ற பரவலான மாதிரியின் வடிவத்தை ஒட்டிய ஓர் உடற்பகுதியின் கன அளவு, குழிகளைக் கழித்தபின் சுமார் 5 லிட்டர். மரத்தின் அடர்த்தியை ஐந்தால் பெருக்கினால் உடலின் எடை கிடைத்துவிடும். கழுத்துக்கு 1 கிலோவும், உலோக உறுப்புகள், பிக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருமண மண்டபத்திலோ கோயில் திருவிழா மேடையிலோ மூன்று நான்கு மணி நேரம் நின்று வாசிப்பவருக்கு, மொத்தம் 4.5 கிலோவைத் தாண்டினால் தோள் மறுநாள் வரை நினைவூட்டும்.

கழுத்தின் விறைப்பு. நான்கு தந்தி பேஸின் தந்திகள் சேர்ந்து சுமார் 80 கிலோ எடைக்கு ஒத்த விசையில் கழுத்தை இழுக்கின்றன. தந்தி அதிரும் நீளம் வழக்கமான 34 அங்குல அளவில் இருக்கும்போது, கிட்டாரைவிட நெடிய நெம்புகோல் அது. இந்த இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியது கழுத்து மரம்தான்.

சட்டம். சில மரங்களைப் பலகையாக எல்லை கடந்து கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும். இதை விரிவாகக் கீழே சொல்கிறேன்.

ஒலி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. திட உடல் கொண்ட மின் பேஸில் நாம் கேட்பதைப் பெரும்பாலும் தந்தி, பிக்கப், அது இருக்கும் இடம், வாசிப்பவரின் விரல், ஒலிபெருக்கி ஆகியவையே தீர்மானிக்கின்றன. மரத்தின் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. கழுத்தின் விறைப்பும் எடையும் மாறும்போது சில சுரங்கள் நீடிப்பதும் சில சட்டென்று மடிவதும் மாறுகின்றன. பல பேஸ்களில் மெல்லிய தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையில் ஒரு சுரம் உயிரற்று ஒலிப்பது இதனால்தான். ஆனால் உடலின் முகத்தில் ஒட்டும் மேற்பலகையை மாற்றினால் ஒலி இனிமையாகிவிடும் என்று யாராவது விற்க வந்தால், அந்தப் பணத்தை நல்ல பிக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

## மரங்களும் அவற்றின் எடையும்

கீழே உள்ளவை உலர்ந்த மரத்தின் தோராயமான சராசரிகள். ஒரே இனத்தில்கூடப் பலகைக்குப் பலகை மாறும். ஞாத்தோவில் அந்த மாற்றம் மிகப் பெரிது, ஏனெனில் அந்த வணிகப் பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருக்கின்றன.

| மரம் | அடர்த்தி (கிலோ/லிட்டர்) | 5 லிட்டர் உடலின் எடை | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ஆல்டர் (ஒப்பிட) | 0.45 | 2.3 கிலோ | இறக்குமதி. வழக்கமான உடல் மரம் |
| ஜெலுத்தோங் | 0.45 | 2.3 கிலோ | மென்மை. திருகுப் பிடிமானம் குறைவு |
| தூங்குமூஞ்சி | 0.60 | 3.0 கிலோ | அசைவு மிகக் குறைவு. தடித்த பலகையின் உள்ளே ஈரம் |
| ரப்பர் மரம் | 0.60 | 3.0 கிலோ | பூச்சி, நீலப்பூஞ்சை. பதப்படுத்தியதையே வாங்க வேண்டும் |
| ஞாத்தோ | 0.62 | 3.1 கிலோ | பலகைக்குப் பலகை எடை மாறும் |
| மெர்பாவ் | 0.82 | 4.1 கிலோ | சாயம் கசியும். இரும்பு பட்டால் கறுக்கும் |
| வெங்கே | 0.87 | 4.4 கிலோ | சிராய் ஆபத்து. கருவி மழுங்கும் |
| புபிங்கா | 0.89 | 4.5 கிலோ | சில இனங்கள் கட்டுப்பாட்டில் உள்ளன |
| செங்கால் | 0.95 | 4.8 கிலோ | உடலுக்கு மிகையான எடை |

## முதல் வழி: முழுவதும் இறக்குமதி மரம்

அபூர்வ மரத்தில் பேஸ் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவை 1970களில் கலிஃபோர்னியாவின் அலெம்பிக் செய்த, பல மரங்களை அடுக்கி ஒட்டிய கருவிகளும், 1980களில் ஜெர்மனியின் வார்விக் புபிங்காவிலும் வெங்கேயிலும் செய்தவையும்தான். அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வார்விக்கின் தம்ப் வகைப் பேஸின் உடல் மிகச் சிறியது. அவ்வளவு கனமான மரத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் உடலைச் சுருக்கத்தான் வேண்டும். ஜாஸ் பேஸின் வடிவத்தையும் வைத்துக்கொண்டு முழு வெங்கேயிலும் செய்யச் சொன்னால், மேலே சொன்ன கணக்குப்படி கருவி ஆறரைக் கிலோவைத் தொடும்.

ஈரத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் சூளையில் 6 முதல் 8 விழுக்காடு வரை உலர்த்தப்பட்டு வரும் பலகை இங்கே வந்ததும் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். பெட்டியைப் பிரித்த வாரமே அதை அறுத்து இழைத்து ஒட்டுபவர், வீங்கி முடியாத மரத்தில் கருவியைச் செய்கிறார். பட்டறையில் குச்சிகளை இடையிட்டு அடுக்கி, எடை மாறுவது நிற்கும் வரை காத்திருப்பதே முறை. அந்தக் காத்திருப்புக்கும் இடத்துக்கும் யாராவது கட்டணம் செலுத்தத்தான் வேண்டும்.

சட்டத்தில் இந்த வழிக்கே அதிகச் சிக்கல். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம், 1992 இல் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. 2017 ஜனவரியில் நம் ஈட்டி மரம் உள்ளிட்ட ரோஸ்வுட் வகைகள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், புபிங்கா என்ற பெயரில் விற்கப்படும் மூன்று இனங்களும், அனுமதிச் சீட்டுடன் மட்டுமே வணிகம் செய்யக்கூடிய இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. இசைக் கருவி செய்பவர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகு, 2019 நவம்பரில் முழுமை பெற்ற இசைக் கருவிகளுக்கும் அவற்றின் முழுமை பெற்ற உறுப்புகளுக்கும் இந்த இரண்டாம் பட்டியல் மரங்களில் விலக்கு அளிக்கப்பட்டது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: விலக்கு செய்து முடித்த கருவிக்குத்தான், அறுத்த பலகைக்கு அல்ல. ஈட்டி விரற்பலகை கொண்ட பேஸை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வாசிக்கப் போகலாம். அதே மரத்தைப் பலகையாக வரவழைக்க ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதி வேண்டும். 2022 இல் பனாமாவில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்கப் படாக் மரமும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, படாக்கிற்குத் தடை ஏதும் இல்லை என்று சொல்லும் விற்பனையாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

மலேசியாவில் 2008 ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகச் சட்டம் இதற்குப் பொருந்தும். மரங்களைப் பொறுத்த உரிமங்களுக்கு மலேசிய மரத் தொழில் வாரியத்தை அணுக வேண்டும். பலகை துறைமுகத்திலோ அஞ்சல் நிலையத்திலோ முடங்கிய பிறகு விசாரிப்பதைவிட, பணம் கட்டுவதற்கு முன் இனத்தின் அறிவியல் பெயரை எழுதிக்கொண்டு போய் விசாரிப்பது எளிது.

இங்கே நம்மவர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. ஊருக்குப் போய் வரும் மாமாவிடம் சொல்லி ஒரு துண்டு செம்மரம் வாங்கிவரச் சொல்வதைச் சிலர் சிறிய உதவியாக நினைக்கிறார்கள். செஞ்சந்தனம் சைட்டிஸ் பட்டியலில் இருப்பது மட்டுமன்று, அதை வெளியே கொண்டுசெல்வதை இந்தியா மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர் மாமாதான். அழகான மரம் என்பதில் எனக்கும் ஐயமில்லை, ஆனால் ஒரு விரற்பலகைக்காக யாரையும் அந்த நிலைக்கு உள்ளாக்கக் கூடாது.

மறைந்த செலவுகள் வேறும் உண்டு. வெங்கேயின் சிராய் விரலில் ஏறினால் எளிதில் சீழ் வைக்கும். எண்ணெய்ப் பசை மிகுந்த ரோஸ்வுட் வகைகளின் மேல் பாலியெஸ்டர் பூச்சு நேராக அடித்தால் காயாமல் பிசுபிசுக்கும். இடையில் வேறொரு தடுப்புப் பூச்சு தேவை. படாக்கின் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சளும், பர்ப்பிள்ஹார்ட்டின் ஊதாவும் ஒளி பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். நிறத்துக்காக மட்டும் அவற்றுக்கு விலை கொடுப்பவர் சில ஆண்டுகளுக்கே அந்த நிறத்தை வாங்குகிறார்.

இந்த வழி யாருக்கு ஏற்றது? உடலைச் சிறிதாக வடிவமைக்க ஒப்புக்கொள்பவருக்கும், உட்கார்ந்து வாசிக்கும் ஒலிப்பதிவுக் கலைஞருக்கும், கருவி செய்பவரிடமே ஆண்டுக்கணக்கில் இங்கு கிடந்து பழகிய வெளிநாட்டு மரம் இருக்கும்போதும் ஏற்றது. கடைசியாகச் சொன்ன சூழல் வாய்த்தால், அந்த மரத்தைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். புதிதாக வரவழைத்த சிறந்த பலகையைவிடப் பழகிய நடுத்தரப் பலகை நம்பத்தக்கது.

## இரண்டாம் வழி: உள்நாட்டு மரம்

உலகின் மறுகோடியிலிருந்து பார்ப்பவருக்கு நம் மரவாடியில் கிடப்பதெல்லாம் அபூர்வ மரம்தான். ஆசியத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக ஞாத்தோவில் கிட்டார், பேஸ் உடல்களைச் செய்து உலகெங்கும் விற்கின்றன. இருந்தும் நம்மிடையே உள்நாட்டு மரம் என்றால் கதவு நிலைக்கும் படிக்கட்டுக்கும் உரியது என்ற எண்ணம் விடவில்லை.

மெர்பாவ் 2019 இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிலைத்தன்மை மிக நல்லது. உலர்ந்த பிறகு அசைவு குறைவு. உடல் முழுவதையும் அதில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் விரற்பலகைக்கும் கழுத்தின் நடு அடுக்குக்கும் அது நல்ல மரம். அதன் குணத்தை ஈரத்துணியால் சோதித்துப் பாருங்கள்: இழைத்த புதிய மெர்பாவின் மேல் நனைந்த வெள்ளைத் துணியை அழுத்தி எடுத்தால், தேநீர்க் கறை போன்ற செம்பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய்ப் பூச்சு மட்டும் போட்ட மெர்பாவ் உடலை மேடையில் வியர்வையோடு அணைத்து வாசிப்பவர் வெள்ளைச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். ஈரத்தில் இரும்பு பட்டால் அந்த இடம் கறுப்பாகும் என்பதால், திருகுகள் துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். கடற்காற்று வீசும் பினாங்கில் வசிப்பவர் எந்த மரத்துக்கும் அதையே செய்வது நல்லது.

தூங்குமூஞ்சி மரத்தை மேசைப் பலகைக்காக வாங்குபவர்கள் நிறையப் பேர். பேஸ் உடலுக்கு நினைப்பவர்கள் குறைவு. பொன்னும் பழுப்புமாக ஓடும் அதன் வைரமும் (முதிர்ந்த நடுமரம்) அதை ஒட்டிய வெளிர் விளிம்பும் சேர்ந்த தோற்றம், ஹவாயிலிருந்து இறக்குமதியாகும் கோவா (koa) மரத்துக்கு இளைத்ததன்று. அசைவு மிகக் குறைவு, எடை தாங்கக்கூடியது, கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இல்லை. சிக்கல் ஒன்றே: மேசைக்காக அறுத்த மூன்று அங்குலப் பலகை மேலே உலர்ந்திருக்கும், நடுவில் ஈரமாக இருக்கும். முள் வைத்த ஈரமானியை மேல்பரப்பில் குத்திப் பார்ப்பது போதாது. ஓர் ஓரத்தை அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் குத்திப் பார்க்க வேண்டும். அங்கே 14 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால், குளிர்சாதன அறையில் வாழப்போகும் கருவிக்கு அது இன்னும் தயாராகவில்லை என்று பொருள். துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தப் பலகையை விட்டுவிடுங்கள்.

ரப்பர் மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் தாத்தாக்கள் கோபித்துக்கொள்வார்கள். தோட்டத்தில் பால்வெட்டிக் கழித்த மரம் ஒருகாலத்தில் விறகாகப் போனது. இன்று மலேசியத் தளவாடத் தொழிலின் முதுகெலும்பே அதுதான். உடலுக்குப் போதுமான மரம், ஆனால் கடையில் கிடைப்பது சிறு துண்டுகளை விரல் கோத்தது போல் இணைத்த பலகை. மேலே வண்ணம் பூசுவதானால் குறை ஒன்றுமில்லை. மரத்தின் இழையோட்டத்தைக் காட்ட விரும்புபவருக்குப் பயன்படாது.

பலா மரமும் பட்டியலில் இருக்க வேண்டும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில் பிறக்கின்றன. இங்கே மலாய்க்காரர்களின் கம்புஸ் என்ற தந்தி இசைக்கருவிக்கும் அதே மரம் பயன்படுகிறது. மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகளில் தேன் நிறத்துக்கு முதிரும். ஆனால் பேஸ் உடலுக்குரிய அகலத்தில் உலர்ந்த பலா மரவாடியில் கிடைப்பது அரிது; வீட்டுக் கொல்லையில் விழுந்த மரம் இருந்தால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும்.

ரெங்காஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கருங்கோடுகள் ஓடும் சிவந்த வைரத்தைப் பார்த்தால் ரோஸ்வுட்டே தோற்றுப்போகும், ஆனால் அதன் பால் தோலைப் புண்ணாக்கும். உலர்ந்த மரத்தின் தூளுக்கும் சிலருக்கு உடம்பு வீங்கும். நாள் முழுவதும் கையும் மார்பும் உரசும் பொருளுக்கு அது வேண்டாம்.

இந்த வழியின் மறைந்த செலவு, சிறிய அளவில் வாங்குவதில் இருக்கிறது. மரவாடிகளில் பழைய கணக்குப்படி ஒரு டன் என்பது 50 கன அடி. ஒரு பேஸ் உடலுக்கான பலகை 21 அங்குலம் நீளம், 14 அங்குலம் அகலம், ஒன்றே முக்கால் அங்குலம் தடிமன், அதாவது சுமார் 0.3 கன அடி. ஒரு டன்னில் 160 உடலுக்கு மேல் வரும். அப்படி விற்றுப் பழகிய கடைக்காரரிடம் ஒரே ஒரு பலகையைக் கேட்டு, அதிலும் நேர் இழை பார்த்துப் புரட்டிப் புரட்டித் தேர்ந்தெடுக்கும் வாடிக்கையாளர் வரவேற்கப்படமாட்டார். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், அறுகூலியைக் கேட்காமலேயே கூட்டிக் கொடுப்பது காரியத்தை எளிதாக்கும். மேலும், வணிகப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். ஐயம் இருந்தால் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் ஒரு சிறு துண்டைக் கொடுத்து இனம் கண்டறிய முடியும்.

முதல் முறை செய்துகொள்பவருக்கும், தாமே பட்டறையில் இழைத்துப் பார்க்க விரும்புபவருக்கும் இந்த வழியே சிறந்தது. கெட்டுப்போனால் இன்னொரு பலகை வாங்கலாம் என்ற துணிவு கைக்குத் தரும் சுதந்திரம், விலையுயர்ந்த மரத்தில் கிடைக்காது.

## மூன்றாம் வழி: இலேசான உடல், மெல்லிய அபூர்வ மேற்பலகை

ஜெலுத்தோங், இலேசான ஞாத்தோ அல்லது இலேசான சிவப்பு மெராந்தி ஆகியவற்றில் உடலைச் செய்து, அதன் முகத்தில் 6 மில்லிமீட்டர் தடிமனில் வெங்கேயையோ கருங்காலி வகையையோ ஒட்டுவது இந்த வழி. 44 மில்லிமீட்டர் தடிமனுள்ள 5 லிட்டர் உடலில் மேற்பலகையின் பங்கு 0.7 லிட்டர்தான். வெங்கே மேற்பலகை 0.6 கிலோ, ஜெலுத்தோங் அடியுடல் ஏறத்தாழ 2 கிலோ, ஆக 2.6 கிலோவுக்குள் உடல் முடிந்துவிடுகிறது. முழு வெங்கே உடலோடு ஒப்பிட்டால் ஒன்றே முக்கால் கிலோ குறைவு, மேடையிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. இறக்குமதி மரத்தின் அளவும் அவ்வாறே சிறுக்கிறது. அனுப்பும் செலவும், சட்டப்படியான மரத்தைத் தேடிப் பிடிக்கும் அலைச்சலும் அதற்கேற்பக் குறைகின்றன.

இதில் ஏமாற்று ஏதும் இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். உலகின் விலையுயர்ந்த பேஸ்களில் கணிசமானவை இவ்வாறுதான் செய்யப்படுகின்றன. விற்கும்போது மேற்பலகை என்று சொல்லி விற்றால் ஏமாற்று இல்லை.

சிக்கல் இரண்டு மரங்கள் இரண்டு விதமாக அசைவதில் வருகிறது. ஒரே ஈரத்தில் இல்லாத இரண்டு பலகைகளை ஒட்டினால், சில மாதங்களில் உடல் கிண்ணம் போல் மெல்ல வளையும், அல்லது ஓரத்தில் ஒட்டுக்கோடு மயிரிழை அளவுக்குத் திறக்கும். இரண்டும் ஒரே அறையில் ஒன்றாகக் கிடந்து ஈரமானியில் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே ஒட்ட வேண்டும்; இழை ஒரே திசையில் ஓட வேண்டும். மேற்பலகையை 6 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைத்தால் வளைவின் வலிமையும் குறைகிறது. முன்கை படும் இடத்தைச் சரித்துச் செதுக்க வேண்டுமானால், அந்தச் சரிவில் அடிமரம் எட்டிப் பார்க்கும். அதை மறைக்க நினைக்காமல், இடையில் கறுப்பு வெனியர் (மெல்லிய மரத்தகடு) ஒன்றை வைத்துக் கோடாகக் காட்டிவிடுவது என் விருப்பம்.

ஜெலுத்தோங்கில் கழுத்தைத் திருகி மாட்டுவதானால் நேராக மரத்தில் மரத்திருகை ஏற்றாதீர்கள். பித்தளை மரையுறைகளைக் கழுத்தில் பதித்து, இயந்திரத் திருகால் மாட்டச் சொல்லுங்கள். பிரிட்ஜின் அடியில் ஒரு கடினமரத் துண்டைப் பதித்துவிட வேண்டும். உடல் இலேசாகிவிட்டால், கனமான கழுத்து தலையைக் கீழே சாய்க்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இலேசான டியூனர்களும், தோள்பட்டை மாட்டும் மேல்கொம்பு பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை நீள்வதும் அதற்கு மருந்து. இந்த இரண்டையும் வரைபடத்தில் முடிவு செய்யாமல் பிறகு சரிசெய்ய இயலாது.

பெரும்பாலான மேடைக் கலைஞர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

## நான்காம் வழி: பழைய கட்டடத்து மரம்

ஐம்பது ஆண்டுகள் கூரையைத் தாங்கிய மரம் இனி வளையாது என்ற நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. உலர்ந்து, ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு, உள்ளிருந்த இறுக்கங்கள் தளர்ந்த மரம் அது. ஆனால் உத்தரத்தை நீளவாக்கில் அறுத்த மறுநாளே அந்தப் பலகை வில்லாக வளைவதும் உண்டு. அறுத்தபின் சில வாரங்கள் கிடக்க விட்டுப் பார்ப்பது இங்கும் தேவை.

பெரும்பாலும் கிடைப்பது செங்கால். திரெங்கானுவில் மீன்பிடிப் படகுகளைக் கட்டிய மரம், கடலுக்கே அஞ்சாதது; பேஸ் உடலுக்கு மட்டும் அதன் எடை பொருந்தாது. கழுத்தில் மெல்லிய அடுக்காகவோ, விரற்பலகையாகவோ வையுங்கள். தரைப்பலகைகள் கிடைத்தால், அவை பெரும்பாலும் ஓர் அங்குலத் தடிமன்தான். இழைத்து முடித்தால் இன்னும் குறையும். இரண்டை அடுக்கி ஒட்டாமல் உடலின் தடிமன் வராது. ஆணி இன்னொரு செலவு. உடைந்து உள்ளேயே நின்ற ஓர் ஆணி, இழைப்பு இயந்திரத்தின் கத்தியை ஒரே நொடியில் பாழாக்கும். உலோகம் காட்டும் கருவியால் தேடி எடுக்காமல் எந்தப் பட்டறையும் அதைத் தொடாது, தொடவும் கூடாது.

ஜார்ஜ்டவுன் 2008 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பகுதிக் கட்டடத்திலிருந்து வந்ததாகச் சொல்லி விற்கப்படும் மரத்தை, எப்படி வந்தது என்ற விவரம் இல்லாமல் வாங்காதீர்கள்.

தாத்தா வீட்டுக் கதவு, பூட்டிக் கிடந்த தோட்ட வீட்டின் நிலைப்படி என்று உங்களோடு உறவுள்ள மரமாக இருந்தால் இந்த வழிக்கு ஈடில்லை. உறவில்லாத பழைய மரத்துக்கு மிகை விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## எந்த வழியானாலும் கழுத்து

உடலை எதில் செய்தாலும் கழுத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இந்த ஊரில் கழுத்தே முதலில் உங்களோடு பேசும். ஒற்றைத் துண்டு மேப்பிளைவிட, மூன்று அல்லது ஐந்து அடுக்குகளை இழைகள் எதிரெதிராக இருக்குமாறு ஒட்டிய கழுத்து நல்லது; கழுத்தின் உள்ளே வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பியின் இரு பக்கத்திலும் கரிம இழைக் கம்பிகள் பதிப்பது அதைவிட முக்கியம். சூளையில் வறுத்த மேப்பிள் ஈரத்தை உறிஞ்சுவது குறைவு என்பதால் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை, ஆனால் சற்று நொறுங்கும் தன்மை அதற்கு உண்டு. திருகுத்துளைகளை முன்கூட்டியே துளைக்க வேண்டும்.

உடலின் ஊடாகவே ஓடும் ஒற்றைக் கழுத்து அமைப்பு பார்வைக்கு அழகு, அபூர்வ மரத்தின் அடுக்குகளைக் காட்ட அதுவே தோதானது. அதற்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளத்துக்கு முடிச்சில்லாத நேர் மரம் வேண்டும். வளைந்துவிட்டால் மாற்ற முடியாது. குளிர்சாதன அறைக்கும் வெளி மேடைக்கும் வாரந்தோறும் போய்வரும் கருவிக்கு, திருகி மாட்டும் கழுத்தையே தேர்ந்தெடுங்கள். கீழ் ‘பி’ தந்தியுடன் ஐந்து தந்தி கேட்பவருக்கு 35 அங்குல அளவு உதவும், அப்போது கழுத்தின் விறைப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். வெங்கேயோ மெர்பாவோ நடு அடுக்காக நுழைவதற்கு அதுவே உகந்த இடம்.

விரற்பலகையில் கருங்காலி வகைகள், ஈட்டி, மெர்பாவ் மூன்றும் பொருந்தும். மலேசியாவில் காயு மாலாம் என்ற பெயரில் விற்கப்படுவதும் கருங்காலி இனமே. முழுக் கறுப்பை எதிர்பார்க்காமல் கோடு விழுந்ததை ஏற்றுக்கொள்பவர் விலையில் நிறைய மிச்சப்படுத்தலாம்.

## முன்பணம் கொடுக்கும் முன்

செய்பவரோடு பேசியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவதை இங்கே பலர் நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எழுதுங்கள். ஒவ்வொரு மரத்தின் அறிவியல் பெயர், வெளிநாட்டு மரமானால் அதை வாங்கிய சீட்டின் நகல், ஒட்டும் நாளன்று ஈரமானி காட்டிய எண், முடிந்த கருவியின் எடைக்கு மேல்வரம்பு, அந்த வரம்பைத் தாண்டினால் யார் செலவில் உடலை உள்ளே குடைவது ஆகியவை அதில் இருக்க வேண்டும். கழுத்துக்கும் விரற்பலகைக்கும் அறுத்து மிஞ்சிய துண்டுகள் உங்களுக்கே சேர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒரு ஃப்ரெட் முனையிலோ தலைப்பகுதியிலோ சிதைந்த இடத்தை அதே மரத்தால் அடைக்க வேறு வழி கிடையாது.